மீனின் சினையிலிருந்து பிடி அளவு வரை: மீன்வள மதிப்பீட்டில் இனப்பெருக்கத் தரவைப் பயன்படுத்தப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மீன்வள மதிப்பீட்டு அறிக்கைகளைப் புரட்டினால் வளர்ச்சிக்கும் இறப்பு விகிதத்துக்கும் பக்கம் பக்கமாக இடம் இருக்கும். இனப்பெருக்கம் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும்: இந்த நீளத்தில் பாதி மீன்கள் முதிர்ச்சி அடைகின்றன. அந்த எண்ணை எந்த ஆண்டில், எந்தப் பருவத்தில், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தேடிப் போனால் பல சமயம் மிகப் பழைய அறிக்கை ஒன்றில்தான் போய் நிற்போம். அடுத்த தலைமுறை மீன் எங்கிருந்து வரும் என்பதைச் சொல்லும் பகுதி இப்படிச் சுருங்கிக் கிடப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் அதைச் சரிசெய்ய முடியும். அதற்கான படிகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரே கூட்டமாக இனப்பெருக்கம் செய்யும் மீன்களை ஒரு ‘இருப்பு’ என்று வைத்துக்கொண்டு மதிப்பீடு செய்கிறோம். அதில் முதிர்ந்த மீன்களின் மொத்த எடையை ‘முட்டையிடும் இருப்பு’ என்கிறோம். உண்மையில் நமக்கு வேண்டியது முட்டைகளின் கணக்கு. முட்டையை எண்ணுவது கடினம் என்பதால் எடையை அதன் இடத்தில் வைத்திருக்கிறோம். எடை அவ்வளவாகக் குறையாமலே முட்டை உற்பத்தி சரிந்துபோகும் நிலைமைகள் உண்டு. அவற்றை எண்களோடு காட்டுவதே நம் வேலையின் நோக்கம்.

கேள்வியை முதலில் எழுதுங்கள்

கத்தியை எடுப்பதற்கு முன் ஒரு தாளில் எழுத வேண்டியது: இந்தத் தரவு எந்த முடிவுக்குப் பயன்படப் போகிறது? பிடிக்கத்தக்க குறைந்தபட்ச நீளத்தை நிர்ணயிக்கவா? தடைக்காலத்தின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கவா? மதிப்பீட்டுக்கான கணித மாதிரிக்குள் முட்டை உற்பத்தியை இடவா? கடலில் முட்டைகளைச் சேகரித்து இருப்பின் எடையைக் கணிக்கவா? ஒவ்வொன்றுக்கும் மாதிரி எடுக்கும் காலம், இடம், மீன்களின் எண்ணிக்கை எல்லாம் மாறும். தடைக்காலத்துக்கு ஆண்டு முழுவதும் மாதாமாதம் மாதிரி வேண்டும். குறைந்தபட்ச நீளத்துக்கு முட்டையிடும் பருவம் தொடங்கும் சில வாரங்களே போதும். ஆனால் சிறிய மீன் முதல் பெரிய மீன் வரை எல்லா நீளங்களும் வேண்டும். இதைத் தீர்மானிக்காமல் கிடைத்த மீனையெல்லாம் அறுத்துப் பட்டியல் போட்டால், ஓராண்டு உழைப்புக்குப் பிறகும் எந்தக் கேள்விக்கும் முழுமையான விடை கிடைக்காது.

மாதிரி எடுக்கும்போது

வணிகப் பிடியில் வரும் மீன்கள் கடலில் உள்ள மீன்களின் நேர்ப்படம் அல்ல. வலைக்கண் பெரிதாக இருந்தால் முதிராத மீன்கள் உங்கள் மேசைக்கே வராது. படகுகள் முட்டையிடும் திரளைத் தேடிப் போனால் முதிர்ந்தவை அளவுக்கு மீறி வரும். ஆகவே வணிகப் பிடியோடு, சிறிய கண்ணுள்ள வலையில் எடுத்த ஆய்வு மாதிரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மீனுக்கும் தேதி, இடம், ஆழம், எந்த வகை வலை அல்லது தூண்டில், பிடித்த நேரம் ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும். பிடித்த நேரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பல மீன்கள் நாளின் குறிப்பிட்ட வேளையில்தான் முட்டையிடுகின்றன. நேரம் தெரியாத சூலகத்தை வைத்து அது நேற்று முட்டையிட்டதா, இன்று இடப் போகிறதா என்று சொல்ல முடியாது.

நீள வகுப்பு ஒவ்வொன்றிலும் போதிய எண்ணிக்கையில் பெண் மீன்கள் வேண்டும். முதிர்ச்சி மாறும் இடைப்பட்ட நீளங்களில் இன்னும் கூடுதலாக எடுங்கள். நீளம் கூடக் கூட முதிர்ந்த மீன்களின் பங்கு எப்படி ஏறுகிறது என்று பின்னால் வரையும் வளைகோடு எங்கே நிற்கும் என்பதை அந்த மீன்கள்தான் முடிவு செய்கின்றன. வயதறியச் செவிக்கல்லையும் அதே மீனிலிருந்து எடுத்து, அதே எண்ணில் குறித்து வையுங்கள். பின்னால் வயதுவாரியாகக் கணக்கிட நேரும்போது அதன் அருமை தெரியும்.

அறுவை மேசையில்

மொத்த நீளம், முழு எடை, குடல் நீக்கிய எடை, சூலகத்தின் அல்லது விந்தகத்தின் எடை, கல்லீரல் எடை. இந்த வரிசையில் எழுதப் பழகுங்கள். சூலக எடையை உடல் எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் சூலகச் சுட்டெண் கிடைக்கும். வகுக்கும் எண்ணாகக் குடல் நீக்கிய எடையை எடுப்பது நல்லது. வயிறு நிறையத் தின்ற மீனும் பட்டினியாக இருந்த மீனும் அப்போதுதான் ஒரே அளவுகோலில் வரும்.

மாதாமாதச் சராசரிச் சுட்டெண்ணைக் கோடாக வரைந்தால் அது ஏறி இறங்குவதில் முட்டையிடும் பருவம் தெரியும். ஆனால் சுட்டெண்ணை அதற்கு மேல் நம்ப வேண்டாம். சுட்டெண் தாழ்ந்திருக்கும் மீன் முதிராததாகவும் இருக்கலாம். முந்தைய வாரம் முட்டை முழுவதையும் இட்டு முடித்ததாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே எண் வரும்.

திசு ஆய்வுக்கான துண்டை நடுநிலைப்படுத்திய 10 சதவீத ஃபார்மலினில் உடனே போடுங்கள். திரவத்தின் கன அளவு திசுவைப் போல் பத்து மடங்காவது இருக்கட்டும். உறைய வைத்த சூலகம் திசு ஆய்வுக்கு உதவாது. பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்துவிடும். ஃபார்மலின் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய நச்சு. கையுறையும் காற்றோட்டமும் இல்லாத இடத்தில் அதைத் திறக்கக் கூடாது. அவசரத்திலும் இதில் சமரசம் வேண்டாம்.

முதிர்ச்சி நிலையைப் படித்தல்

கண்ணால் பார்த்தே நிலையைச் சொல்லும் பழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. விலை குறைவு, வேகம் அதிகம். முட்டையிடும் பருவத்தின் உச்சத்தில் அது பெரும்பாலும் சரியாகவே வரும். இடப்படுவதற்குச் சற்று முன் நீரேறிக் கண்ணாடி போலத் தெரியும் முட்டைகளைத் தவறாகப் படிக்க இடமில்லை. சிக்கல் பருவம் முடிந்த பிறகு வருகிறது. முட்டையிட்டு ஓய்வெடுக்கும் முதிர்ந்த பெண் மீனின் சூலகமும், ஒருபோதும் முட்டையிடாத இளம் பெண் மீனின் சூலகமும் வெறுங்கண்ணுக்குச் சிறிதாக, ஊடுருவித் தெரியும் நிறத்தில், ஏறத்தாழ ஒன்று போலவே தோன்றும். அங்கே நேரும் பிழை நேராக மதிப்பீட்டுக்குள் போகிறது. ஓய்விலிருக்கும் மீன்களை முதிராதவை என்று எழுதினால் முதிர்ச்சி நீளம் உண்மையைவிடப் பெரிதாகிவிடும். முட்டையிடும் இருப்பு உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும்.

எனவே ஒரு பகுதி மீன்களுக்காவது திசு வெட்டு செய்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பாருங்கள். சூலகத்தின் வெளிச்சுவர் தடித்திருக்கிறதா, உள்ளே தசைக்கட்டுகளும் பெரிய ரத்தக் குழாய்களும் இருக்கின்றனவா, சிதைந்து உறிஞ்சப்படும் பழைய முட்டைகளின் எச்சம் தெரிகிறதா என்று தேடுங்கள். இவை இருந்தால் அந்த மீன் ஏற்கெனவே முட்டையிட்டது. கண்ணால் சொன்ன நிலையையும் திசு காட்டிய நிலையையும் அருகருகே அட்டவணையாக்கி, உங்கள் கண் எத்தனை சதவீதம் தவறுகிறது என்று அறிக்கையிலேயே எழுதுங்கள். அந்த ஒரு அட்டவணை உங்கள் வேலையின் மதிப்பைப் பல மடங்கு உயர்த்தும்.

நிலைகளுக்குப் பெயரிடுவதில் முன்பு ஆளுக்கொரு முறை இருந்தது. ஐந்து நிலை, ஏழு நிலை, எட்டு நிலை என்று ஒன்றோடொன்று ஒப்பிட முடியாமல் கிடந்தது. 2011இல் வெளியான பொதுச் சொல்வரையறை இதை ஐந்து கட்டங்களாக்கியது: முதிராதது, வளர்வது, முட்டையிடும் திறனுள்ளது, ஒடுங்குவது (பருவத்தை முடித்துக்கொள்வது), மீள்வது (முதிர்ந்தும் ஓய்விலிருப்பது). இன்று இதையே பின்பற்றுவது நல்லது. எந்த நிலையிலிருந்து ஒரு மீனை ‘முதிர்ந்தது’ என்று எண்ணுகிறீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். மஞ்சள்கரு சேர்வதற்கு முன்பே முட்டைச் செல்லின் ஓரத்தில் சிறு குமிழ்கள் தோன்றும். அது தோன்றிய மீன் வரவிருக்கும் பருவத்தில் முட்டையிடும் பாதையில் இறங்கிவிட்டது என்று கொள்வது பரவலான வழக்கம்.

பாதி முதிர்ச்சி நீளம்

நீள வகுப்புவாரியாக முதிர்ந்த பெண்களின் பங்கைக் கணக்கிட்டு, அதற்கு எஸ் வடிவ வளைகோட்டைப் பொருத்துங்கள். வளைகோடு 0.5 என்ற அளவைத் தொடும் நீளமே பாதி முதிர்ச்சி நீளம். ஒவ்வொரு மீனையும் ‘முதிர்ந்தது’, ‘முதிராதது’ என்ற இரண்டே விடையாக வைத்து லாஜிஸ்டிக் முறையில் பொருத்துவதே சரி. ஆர் போன்ற இலவச மென்பொருளில் ஓரிரு வரிகளில் முடியும். ஒற்றை எண்ணை மட்டும் கொடுக்காமல் நம்பக எல்லையையும், 95 சதவீத முதிர்ச்சி நீளத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

அடிக்கடி காணும் குழப்பம் ஒன்று: பிடிபட்டதில் மிகச் சிறிய முதிர்ந்த மீனின் நீளத்தை முதிர்ச்சி நீளம் என்று எழுதுவது. அது ஒரு தனி மீனின் செய்தி மட்டுமே. மாதிரி கூடக் கூட அது சிறிதாகிக்கொண்டே போகும். அதை வைத்து விதி எழுதக் கூடாது. பாதி முதிர்ச்சி நீளத்தையே குறைந்தபட்சப் பிடி நீளமாக வைப்பதிலும் ஒரு குறை உண்டு. அந்த நீளத்தில் பாதி மீன்கள் ஒருமுறைகூட முட்டையிட்டிருக்கவில்லை. என் கருத்தில் குறைந்தபட்ச நீளம் அதற்கு மேலேயே இருக்க வேண்டும். எவ்வளவு மேலே என்பதைக் கீழே வரும் முட்டைக் கணக்கு சொல்லும்.

எத்தனை முட்டை?

இங்கே மீன்களை இரண்டு வகையாகப் பிரித்துவிட வேண்டும். காட் என்னும் குளிர்கடல் மீன் போன்றவற்றில் ஒரு பருவத்துக்கான முட்டைகள் பருவம் தொடங்குவதற்கு முன்பே சூலகத்தில் தயாராகிவிடும். பிறகு தவணை தவணையாக வெளியேறினாலும் புதிதாகச் சேராது. நெத்திலி போன்ற பல சிறு மீன்களிலும் வெப்பக் கடல் மீன்கள் பலவற்றிலும் பருவம் நடக்கும்போதே சிறிய முட்டைச் செல்கள் வளர்ந்து வரிசையில் சேர்ந்துகொண்டே இருக்கும். முதல் வகைக்குப் பருவத் தொடக்கத்தில் ஒருமுறை எண்ணினால் ஆண்டுக் கணக்கு கிடைக்கும்; சிதைந்து உறிஞ்சப்படுவதை மட்டும் கழிக்க வேண்டும். இரண்டாம் வகைக்கு அப்படி எண்ணினால் விடை பல மடங்கு குறைந்துவிடும்.

எந்த வகை என்று அறிய, முட்டைச் செல்களின் விட்டங்களை அளந்து பரவல் வரையுங்கள். பருவம் நெருங்கும்போது சிறிய செல்களுக்கும் மஞ்சள்கரு சேர்ந்த பெரிய செல்களுக்கும் நடுவே தெளிவான இடைவெளி விழுந்தால் முதல் வகை என்று கருத இடமுண்டு. இடைவெளியே இல்லாமல் எல்லா அளவிலும் செல்கள் தொடர்ந்து இருந்தால் இரண்டாம் வகையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வகைக்குக் கணக்கு இப்படிப் போகும். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. நீரேறிய முட்டைகளோடு ஒரு பெண் மீனின் சூலகம் 42 கிராம். அதிலிருந்து 0.10 கிராம் துண்டில் நீரேறிய முட்டைகள் 180. கிராமுக்கு 1,800, சூலகம் முழுவதற்கும் 75,600. ஒரு தவணையில் அந்த மீன் இடும் முட்டை இவ்வளவு. சூலகத்தின் முன், நடு, பின் பகுதிகளிலிருந்து மூன்று துண்டுகளாவது எடுத்துச் சராசரி காணுங்கள். முட்டை ஏற்கெனவே வெளியேறத் தொடங்கிவிட்ட சூலகத்தை இதற்கு எடுக்க வேண்டாம்; எண்ணிக்கை குறைந்து வரும்.

அடுத்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை இடுகிறது? முட்டை வெளியேறிய பின் அதைச் சூழ்ந்திருந்த உறை வெறுமையாகச் சூலகத்தில் சில காலம் தங்கும். திசு வெட்டில் அதைக் காணலாம். 80 முதிர்ந்த பெண்களில் 10 மீன்களில் முந்தைய நாள் முட்டையிட்டதற்கான வெற்று உறை இருந்தால், ஒரு நாளில் முட்டையிடும் பங்கு 0.125, அதாவது எட்டு நாளுக்கு ஒரு தவணை. பருவம் 120 நாள் என்றால் 15 தவணை. 75,600ஐ 15ஆல் பெருக்கினால் 11,34,000. வெற்று உறை எவ்வளவு வேகமாக மறைகிறது என்பது நீரின் வெப்பநிலையைப் பொறுத்தது. வெப்ப நீரில் விரைவாகக் கரைந்துவிடும். வேறொரு கடலில், வேறொரு மீனில் கண்ட கால அளவை அப்படியே எடுத்து உங்கள் மீனுக்குப் பொருத்தினால் தவணைகளின் எண்ணிக்கை முழுவதும் பிழையாகிவிடும்.

பருவத்தின் நீளமும் எல்லா மீனுக்கும் ஒன்றல்ல. பெரிய, மூத்த பெண்கள் முன்னதாகத் தொடங்கிப் பின்னால் முடிப்பது பல இனங்களில் காணப்படுகிறது. பெரிய மீனின் பங்கு ஒரு தவணையின் எண்ணிக்கையில் மட்டுமல்லாமல், தவணைகளின் எண்ணிக்கையிலும் கூடுகிறது. 342 மீனினங்களின் தரவைத் திரட்டி 2018இல் வெளியான ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது. பெரும்பாலான இனங்களில் முட்டை உற்பத்தி எடையைவிட வேகமாகக் கூடுகிறது என்று அது காட்டியது. 30 கிலோ எடையுள்ள ஒரு பெண் காட் இடும் முட்டைகளுக்கு ஈடு செய்ய 2 கிலோ காட் 28 வேண்டும். அந்த 28 மீன்களின் மொத்த எடையோ 56 கிலோ. முட்டைகளில் அடங்கிய ஆற்றலையும் சேர்த்துப் பார்த்தால் 37 மீன்கள் வேண்டும். ‘முட்டையிடும் இருப்பு’ என்று எடையைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மதிப்பீட்டுக்குள் கொண்டுபோவது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து போட்டுப் பார்ப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

முட்டையிடும் வாய்ப்பு விகிதம் என்பது எளிய எண்ணம். மீன்பிடிப்பே இல்லாவிட்டால் ஒரு பெண் மீன் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை முட்டை இடும்? மீன்பிடிப்பு இருக்கும்போது எத்தனை? இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் விகிதம்.

ஒரு கற்பனை மீனை எடுத்துக்கொள்வோம். ஒரு வயதில் 1,600 பெண்கள். இயற்கை இறப்பால் ஆண்டுதோறும் பாதி மறைகிறது. இரண்டாம் வயதில் 800, மூன்றில் 400, நான்கில் 200, ஐந்தில் 100. ஐந்தோடு வாழ்வு முடிகிறது என்று வைப்போம். இரண்டாம் வயதில் பாதி மீன்கள் முதிர்ந்தவை, அதன்பின் எல்லாம். ஒரு முதிர்ந்த பெண்ணின் ஆண்டு முட்டைகள் வயதுவாரியாக 20,000, 60,000, 1,20,000, 2,00,000. எடைகள் 0.2, 0.5, 0.8, 1.1 கிலோ.

மீன்பிடிப்பு இல்லாத நிலையில் இரண்டாம் வயது 80 லட்சம், மூன்றாம் வயது 240 லட்சம், நான்காம் வயது 240 லட்சம், ஐந்தாம் வயது 200 லட்சம். மொத்தம் 760 லட்சம் முட்டைகள். முதிர்ந்த மீன்களின் எடை 80, 200, 160, 110 கிலோ, மொத்தம் 550.

இப்போது இரண்டு வயது நிறைந்த மீன்களைப் பிடிக்கத் தொடங்குகிறார்கள். அங்கிருந்து ஆண்டுதோறும் கால் பங்குதான் தப்புகிறது. எண்ணிக்கை 800, 200, 50, 12.5 என்று இறங்குகிறது. முட்டைகள் 80, 120, 60, 25 லட்சம். மொத்தம் 285 லட்சம். எடை 80, 100, 40, 13.75 கிலோ, மொத்தம் 233.75.

எடையால் கணக்கிட்டால் விகிதம் 42.5 சதவீதம். முட்டையால் கணக்கிட்டால் 37.5 சதவீதம். நிர்வாகம் 40 சதவீதத்தை எல்லையாக வைத்திருந்தால், எடைக் கணக்கில் இந்த இருப்பு தேறிவிட்டது. முட்டைக் கணக்கில் தேறவில்லை. கடலில் இருப்பவை அதே மீன்கள்தான். வேறுபாடு முழுவதும் மூத்த பெண்களிடமிருந்து வருகிறது, ஏனென்றால் மீன்பிடிப்பு முதலில் கரைப்பது அவர்களைத்தான்.

அடுத்து விதியை மாற்றிப் பாருங்கள். பிடிப்பை மூன்று வயது நிறைந்த பிறகுதான் தொடங்கலாம் என்றால் எண்ணிக்கை 800, 400, 100, 25. முட்டைகள் 80, 240, 120, 50 லட்சம். மொத்தம் 490 லட்சம், விகிதம் ஏறத்தாழ 64 சதவீதம். ஓராண்டு காத்திருப்பதன் விலையும் பயனும் மீனவர்களோடு உட்கார்ந்து பேசும்போது இப்படி எண்ணாகக் கையில் இருக்க வேண்டும்.

எல்லை எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு ஒரே விடை கிடையாது. பல நாடுகளில் 30 முதல் 40 சதவீதம் வரையான அளவுகள் புழக்கத்தில் இருக்கின்றன. நீண்ட காலம் வாழ்ந்து மெதுவாகப் பெருகும் அமெரிக்க மேற்குக் கடற்கரைப் பாறை மீன்களுக்கு 50 சதவீதம் என்று உயர்த்தி வைத்திருக்கிறார்கள். வயதுத் தரவு இல்லாத இடங்களில், பிடியின் நீளப் பரவல், முதிர்ச்சி நீளம், வளர்ச்சி அளவுருக்கள் ஆகியவற்றை மட்டும் கொண்டு இந்த விகிதத்தைக் கணிக்கும் முறைகளும் வந்துவிட்டன. அவற்றில் நீங்கள் இடும் முதிர்ச்சி நீளம் பிழையானால் விடையும் பிழைதான். ஆகவே அறுவை மேசையில் எடுத்த அக்கறை இங்கே நேராகப் பலிக்கிறது.

கடலில் முட்டையை எண்ணி இருப்பைக் கணித்தல்

நெத்திலி, மத்தி போன்ற மீன்களின் முட்டைகள் நீரில் மிதக்கும். நுண்கண் வலையால் அவற்றைச் சேகரித்து, ஒரு நாளில் அந்தக் கடற்பரப்பில் இடப்பட்ட முட்டைகளின் மொத்தத்தைக் கணிக்கலாம். அதை ஒரு கிலோ இருப்பு ஒரு நாளில் இடும் முட்டைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் இருப்பின் எடை வரும். வகுக்கும் எண்ணுக்கு வேண்டியவை: எடையில் பெண்களின் பங்கு, பெண்ணின் சராசரி எடை, ஒரு தவணை முட்டைகள், ஒரு நாளில் முட்டையிடும் பங்கு. கலிஃபோர்னியாவின் வடக்கு நெத்திலிக்காக உருவாகி 1980களில் செம்மைப்பட்ட இந்த முறை பின்னர் பல கடல்களுக்குப் பரவியது. வடகிழக்கு அட்லாண்டிக் கானாங்கெளுத்திக்கு 1977 முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை முட்டைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இதில் மிகவும் தடுமாற வைப்பது முட்டையிடும் பங்கு. அன்று முட்டையிடும் பெண்கள் தனித்திரளாகச் சேர்ந்துவிட்டால், உங்கள் வலை அவர்களை அளவுக்கு மீறிப் பிடிக்கும், அல்லது முற்றிலும் தவறவிடும். முந்தைய நாள் இட்டவர்களை வைத்துக் கணக்கிடுவது பாதுகாப்பானது.

பால் மாறும் மீன்களும் குட்டி போடும் மீன்களும்

மேலே சொன்னதெல்லாம் பெண்களை மட்டும் எண்ணியது. கலவா இனங்கள் பலவற்றில் மீன் பெண்ணாகத் தொடங்கிப் பெரிதானதும் ஆணாகிறது. பெரிய மீனைத் தேடிப் பிடிக்கும் தொழிலில் ஆண்கள் முதலில் தீர்ந்துபோவார்கள். மெக்சிகோ வளைகுடாவின் காக் கலவாவில் 1970களின் இறுதியில் ஏறத்தாழ 17 சதவீதமாக இருந்த ஆண்களின் பங்கு 1990களில் 5 சதவீதத்துக்கும் கீழே போனது. இப்படிப்பட்ட மீனுக்கு முட்டைக் கணக்கு நன்றாக இருக்கிறது என்று அறிக்கை எழுதுவது ஆபத்தானது. பால் விகிதத்தைத் தனிக் குறியீடாக ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். கொடுவா இதற்கு நேர்மாறு: ஆணாகத் தொடங்கிப் பெண்ணாகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கிழக்குக் கடற்கரையில் 58 செ.மீ.க்குக் குறைந்ததையும் 120 செ.மீ.க்கு மிஞ்சியதையும் பிடிக்கக் கூடாது என்ற விதி இருப்பதற்குப் பொருள் இங்கேதான் இருக்கிறது. அங்கே பெரிய மீன் என்றால் பெண் மீன்.

சுறாக்களில் முட்டைக் கணக்கு பொருந்தாது. முள் நாய்ச்சுறா ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் சுமந்து, விரல்விட்டு எண்ணத்தக்க அளவே குட்டி போடுகிறது. அமெரிக்க அட்லாண்டிக் கரையில் 1990களில் சந்தைக்காகப் பெரிய பெண் சுறாக்களையே குறிவைத்துப் பிடித்தார்கள். 1997 முதல் சில ஆண்டுகள் ஆய்வு வலைகளில் குட்டிகள் அரிதாகிவிட்டன. 1998இல் அந்த இருப்பு அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய இனங்களுக்கு ஒரு பெண் எத்தனை குட்டி போடுகிறது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை போடுகிறது என்ற இரண்டையும் சேர்த்தே ஆண்டுக் கணக்கு போடுங்கள்.

விதியாக மாற்றும்போது

தடைக்காலம் எல்லோருக்கும் எளிதில் புரியும் விதி. ஆனால் அது எப்போதும் முட்டையைக் காப்பாற்றுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. முட்டையிடும் மாதத்தில் பிடிபடாத மீன் அடுத்த மாதத்தில் பிடிபட்டால், அடுத்த ஆண்டு முட்டையிட அது இருக்காது. மொத்தப் பிடி குறையாமல் காலம் மட்டும் நகர்ந்தால் பயன் சிறிதே. முட்டையிட ஓரிடத்தில் திரளும் மீன்களுக்குத்தான் தடைக்காலமும் தடை இடமும் முழுப் பலன் தருகின்றன. குளிர்கால முழுநிலவை ஒட்டித் திரளும் நசாவ் கலவா இதற்கு நல்ல சான்று. கேமன் தீவுகளின் லிட்டில் கேமனில் 2001இல் மீனவர்கள் ஒரு திரளைக் கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ 7,000 மீன்கள் கூடிய அந்தத் திரளிலிருந்து இரண்டு பருவங்களில் 4,000 மீன்கள் பிடிபட்டன. 2003இல் அந்த இடம் மூடப்பட்டது. அடுத்த ஒன்றரைப் பதிற்றாண்டில் எண்ணிக்கை மூன்று மடங்குக்கும் மேல் உயர்ந்ததை 2020இல் வெளியான ஆய்வு பதிவு செய்திருக்கிறது. திரளின் இடமும் நிலவுக் கணக்கும் தெரிந்ததால்தான் அந்த விதியை அவ்வளவு குறுகிய இடத்துக்கும் காலத்துக்கும் எழுத முடிந்தது.

குறைந்தபட்ச நீள விதியை எழுதும்போது, திருப்பி விடப்படும் மீன் பிழைக்குமா என்று கேளுங்கள். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்து காற்றுப்பை உப்பிய மீனைக் கடலில் எறிவதால் முட்டை கூடாது. அங்கே வலைக்கண்ணை மாற்றுவதே மேல்.

முதிர்ச்சி நீளத்தை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டு இருபது ஆண்டு பயன்படுத்தும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். நியூஃபவுண்ட்லாந்தின் வடக்கு காட் மீன்பிடிப்பு 1992 ஜூலையில் நிறுத்தப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே, அந்த மீன்கள் முன்பைவிடச் சிறிய வயதிலும் சிறிய அளவிலும் முதிர்ச்சியடையத் தொடங்கியிருந்தன. முதிர்ச்சி இப்படி முந்தி வரும்போது, முதிர்ந்த மீன்களின் எண்ணிக்கை தாக்குப்பிடிப்பது போல மதிப்பீட்டில் தெரியும். ஆனால் அவை சிறிய மீன்கள், முட்டையும் குறைவு. ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது அதே பருவத்தில், அதே முறையில் மாதிரி எடுத்து வளைகோட்டை மறுபடி வரையுங்கள். பழைய வளைகோட்டையும் புதியதையும் ஒரே படத்தில் வைத்து அறிக்கையோடு கொடுங்கள். திசு வெட்டுச் சில்லுகளையும், மீன்வாரியான மூலத் தரவையும் எண்ணிட்டுப் பாதுகாத்து வையுங்கள். உங்களுக்குப் பின் வருபவர் உங்கள் முடிவைச் சரிபார்க்கவும், இன்று நாம் அறியாத கேள்வி ஒன்றை அதே சூலகத்திடம் கேட்கவும் அவை வேண்டும்.